எல்லைமுத்து திரும்பிப் பார்த்தான்

என் மாமாவுக்கு கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வேலை போயிற்று. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேலை போன கையோடு வாடகை வீட்டைக் காலி செய்து, இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், ஒரு நாய் இவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு, டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை தொடங்கி, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் காரிலிருந்து இறங்கியவற்றில் எதைப் பார்த்து நான் கத்தினேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மாமா லீவுக்கு வந்திருக்கான்" என்றாள் அம்மா. பெரியவர்கள் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினால் ஹாலில் இருக்கும் குழந்தைகளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு ஏனோ எப்போதும் தெரிவதில்லை. எனக்கு எல்லாம் தெரியும். விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏற வேண்டியதுதான். மாமா போய்விடக் கூடாது என்பது அந்தக் கோடையில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் என்னோடு சண்டை போடக்கூட ஆள் கிடையாது. மாமா சண்டையும் போடுவார், தோற்றும் போவார்.

ஆனால் வந்த மாமா ஓர் இடத்தில் உட்காரவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தில் வேலியோரமாக நடந்துகொண்டே இருப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும், அதுகூட உறைக்காது. அவர் பின்னால் அந்த நாயும் மூச்சிரைக்க மூச்சிரைக்க நடக்கும். உள்ளே அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். அப்பா லேப்டாப்பைத் திறப்பார், மூடுவார், ஃபிரிட்ஜைத் திறப்பார், மூடுவார். எனக்கோ பிறந்ததிலிருந்தே கால் தரையில் தங்காது. ஆக மொத்தம் அந்த வீட்டில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியது நாய் ஒன்றுதான். அதுவும் குறட்டை விட்டு.

பக் ஜாதி நாய். நசுங்கிய மூக்கு, நெற்றி முழுக்க மடிப்பு, சுருண்ட வால். நல்ல விஷயம் சொன்னாலும் கெட்ட விஷயம் சொன்னாலும் ஒரே கவலையோடு கேட்டுக்கொள்ளும் முகம். ஆண் நாய். பெயர் கிடையாது.

"நாலு மாசமா பேரே இல்லாமயா வளத்த?" என்று அம்மா கேட்டாள்.

"டேய்னு கூப்பிடுவேன்க்கா. மூட் இருந்தா வரும்" என்றார் மாமா.

விஷயம் என்னவென்றால், அடுத்து வரும் பெரிய படத்தின் கதாநாயகன் பெயரை வைப்பதென்று மாமா முடிவு செய்து காத்திருந்தாராம். படம் வந்தது, முதல் நாளே ஊத்திக்கொண்டது. ஓடாத படத்தின் பெயரை வைத்தால் நாய்க்கு ராசி இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டார். ஆனால் சினிமாப் பெயர்தான் வைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். எங்கள் வீட்டிலும் யாரும் அதை மறுக்கவில்லை. எங்களுக்கு சினிமா என்றால் உயிர்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அப்பா ஒரு நடிகரின் ரசிகர். அம்மா அவருக்கு நேர் எதிரான நடிகரின் ரசிகை. கல்யாணம் பேசும்போது ஜாதகம் பார்த்தார்களே தவிர இதை யாரும் விசாரிக்கவில்லை. இருவரும் நடிகர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எங்க ஆளு", "உங்க ஆளு", அவ்வளவுதான். வேறு எதிலும் விட்டுக்கொடுப்பவர்கள் இதில் மட்டும் இம்மியும் நகர மாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் பெயர் வைக்கும் மாநாடு நடக்கும். மாமா அப்பாவைச் சீண்டுவதற்காக, "உங்க ஆளு பேரையே வெச்சுடலாமே" என்பார். அப்பாவுக்கு சாதம் தொண்டையில் நிற்கும். தன் நடிகர் கம்பீரமாக ஏற்று நடித்த பெயரை நாய்க்கு வைப்பதா? சரி, அம்மாவின் நடிகர் நடித்த பெயரை வைக்கலாம் என்று அப்பா பதிலுக்குச் சொல்வார். அதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். தன் ஆள் பெயரை நாய்க்கு வைத்தால் தன் ஆளுக்கு அவமானம், அடுத்தவர் ஆள் பெயரை வைத்தால் வீட்டில் அடிதடி. இதில் எந்தக் கதாநாயகன் பெயரைத்தான் வைப்பது?

வில்லன் பெயர் வைக்கலாம் என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமை விளக்கேத்தற வீட்ல வில்லன் பேரச் சொல்லி சாப்பிடக் கூப்பிடுவியா?" என்றாள் அம்மா.

காமெடியன் பெயர் என்றால், மூஞ்சியே அப்படித்தானே இருக்கிறது, பெயரும் எதற்கு என்று மாமா சொல்லிவிட்டார். கதாநாயகனின் நண்பன் பெயர் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் யோசித்துப் பார்த்ததில் எல்லாப் படத்திலும் அவன் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிறான். மாமா சட்டென்று, "வேணாம், சாவறவன் பேரு வேணாம்" என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது.

கடைசியில் நாய் தானாகவே பெயரைத் தேடிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தன் நடிகரின் பழைய படம் ஒன்றை ஹாலில் போட்டிருந்தார். அதில் அவருக்கு எல்லைமுத்து என்று பெயர். ஊரே திரண்டு நின்று "எல்லைமுத்து" என்று கத்தும். அவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வேட்டி படபடக்கும், மண் பறக்கும், மேளம் ஏறும், உடம்பு அசையாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். அப்பா அந்த இடத்தில் எப்போதும் மூச்சு விட மாட்டார்.

அன்றைக்கு நாய் டிவிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஊர் கத்தியதும் எழுந்து நின்றது. பிறகு உடம்பு அசையாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பி எங்களைப் பார்த்தது.

நான் உருண்டு புரண்டு சிரித்தேன். "எல்லைமுத்து" என்று நானும் கத்தினேன். மறுபடி அதே திரும்பல். மாமா, வேலை போன பிறகு முதல்முறையாக, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா சிரித்த சிரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்பா மட்டும் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"வேற பேரு வைங்க. இது நடக்காது" என்றார்.

ஒரு வாரம் என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் செவிடு மாதிரி இருந்தது. எல்லைமுத்து என்றால் மட்டும் திரும்பியது. அதற்குக் காரணம் இருந்தது. அப்பா ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க நானும் மாமாவும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி, திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்கு வேறு வேலை என்ன இருந்தது? ஃபோன் வரும் என்று காத்திருக்க வேண்டும். அது வரவில்லை. முறுக்கு டப்பா காலியாகிக்கொண்டு வந்தது.

அம்மா இந்தப் பெயரை அனுபவித்ததைப் போல யாரும் எதையும் அனுபவித்திருக்க முடியாது. அப்பா காதில் விழும்படி, "எல்லைமுத்து, கார்ப்பெட்ல மூச்சா போனியாடா?" என்பாள். "எல்லைமுத்து, வாயில என்ன, துப்பு" என்பாள். இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பழியை வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டாள். அப்பா கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வீட்டுக்குள் மட்டும்தான் இந்தப் பெயர், வெளியே போனால் பப்பி. தவறியும் மன்றத்து அங்கிள் காதில் விழக் கூடாது.

மன்றத்து அங்கிள் எங்கள் பகுதியில் அப்பாவின் நடிகருக்கு இருந்த ரசிகர் மன்றத்தின் தலைவர். ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டரையே மொத்தமாக எடுத்து, ஆளுக்கொரு டீ ஷர்ட் தைத்துக் கொடுத்து, காகிதத்தைக் கிழித்து எறியக் கூடாது என்று தியேட்டர்காரன் சொன்னதற்கு, எறிந்துவிட்டுத் தானே விளக்குமாற்றால் பெருக்கிக் கொடுத்தவர். அப்பாவின் நண்பர் ஒருவர் விளையாட்டாக, அந்த நடிகர் ஆடுவதைப் பார்த்தால் எக்சர்சைஸ் பண்ணுவது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஹனுமார் கோயிலில் நேருக்கு நேர் வந்தாலும் அங்கிள் அந்த நண்பர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

இப்போது மாமாவின் பிழைப்பு அவர் கையில் இருந்தது. அவர் கம்பெனியில் மாமாவின் படிப்புக்கு ஏற்ற இடம் ஒன்று காலியாக இருந்ததாம். அங்கிள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமாவின் ரெஸ்யூமே மேலே போய்விடும். மாமா அனுப்பியும் விட்டார். "பாக்கறேன் தம்பி, அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் அங்கிள். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அப்பாவுக்கு மறுபடி ஃபோன் பண்ண வெட்கம். அதனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வீடு தலைகீழாகக் கிடந்தது. அம்மா மட்டன் குழம்பும் சுக்காவும் வைத்தாள். பாயசம் வைத்தாள். அப்பா ஹால் அலமாரியில் இருந்த அம்மாவின் நடிகர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். அம்மா பார்த்தாள். தம்பிக்காக அதையும் பொறுத்துக்கொண்டாள். மாமா சட்டையை மாற்றினார், பிடிக்காமல் மறுபடி மாற்றினார். என்னை இழுத்து உட்காரவைத்து மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே.

"கூப்பிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மாமா ஊருக்குப் போயிடுவான்" என்றாள் அம்மா, எரிச்சலில்.

நானே போய் நாயை வாஷிங் மெஷின் இருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அங்கிள் தனியாக வந்தார். ஆன்ட்டிக்குத் தலைவலியாம். எப்போதும் வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருபவர் அன்றைக்கு செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டார். சோபாவில் உட்கார்ந்தவர் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்பா அடுத்த படத்தின் முதல் காட்சியைப் பற்றி ஆரம்பித்தார். சாதாரணமாக அங்கிளை அதற்கப்புறம் நிறுத்த முடியாது. அன்றைக்கு "பண்ணலாம், பண்ணலாம்" என்று மட்டும் சொன்னார். ஃபோனை எடுத்துப் பார்த்தார், குப்புற வைத்தார், மறுபடி எடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் என்னைப் போலவே உட்கார முடியாமல் தவித்த முதல் பெரியவர் அவர்.

சாப்பாட்டில் கை வைத்த பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, நம்ம மச்சான் ரெஸ்யூமே..."

"பாத்தேன் தம்பி. நல்லா இருக்கு. சாப்டுட்டுப் பேசுவமே" என்றார் அங்கிள். அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். முன்னால் போட்ட சாதமே அப்படியே இருந்தது.

மாமா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அவர் எதையும் மெல்லவில்லை என்பதை நான் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. மட்டன் வாசனை எந்தக் கதவில் நிற்கும்?

"என்ன சத்தம்?" என்றார் அங்கிள்.

"டிரையர்ல துணி காயுதுங்க" என்றாள் அம்மா. டிரையர் குரைத்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேஜைக்கடியில் யாரோ என் காலை மிதித்தார்கள்.

"நாயா? இருக்கட்டுமே, அது பாவம்" என்றார் அங்கிள். அதற்குள் அவர் ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஒரு நிமிஷம்" என்று இடது கையில் ஃபோனை எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், வாசற்கதவைத் திறந்து வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை.

நாய்க்கு ஒரு எலும்பைக் கொடுத்தால் சத்தம் போடாது என்று எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். அறைக்கதவை ஒரு விரற்கடை திறந்தேன். நாய் என்னையும் பார்க்கவில்லை, எலும்பையும் பார்க்கவில்லை. இத்தனை நேரம் அடைத்து வைத்த கோபத்தில் என் கால்களுக்கிடையில் புகுந்து, ஹாலைக் கடந்து, திறந்த வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியது.

எல்லோரும் பின்னால் ஓடினோம். எங்கள் தெருவில் நடமாட்டமே இருக்காது. ஆனால் பார்சல் கொண்டுவரும் வேன்கள் மட்டும் எந்த நேரமும் பறக்கும். அப்படி ஒரு வேன் முக்கில் திரும்புவது தெரிந்தது. நாய் நடுத்தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா "பப்பி, பப்பி" என்று கூப்பிட்டார். மாமா "டேய்" என்று கூப்பிட்டார். அம்மா வெறுங்கையை நீட்டி, ஏதோ வைத்திருப்பது போல "இந்தா, இந்தா" என்றாள். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அங்கிள் புல்தரை ஓரம், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மாமா ஊருக்குப் போய்விடுவார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் வேன் வந்துகொண்டிருந்தது.

"எல்லைமுத்து" என்று கத்தினேன். வயிற்றிலிருந்து கத்தினேன். அந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டிருக்காது.

நாய் நின்றது. நடைபாதை விளிம்பில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. வேன் அதன் மூக்குக்கு முன்னால் உரசுவது போலக் கடந்து போயிற்று. காற்றில் அதன் காதுகள் படபடத்தன. பிறகு உடம்பு அசையாமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பி எங்களைப் பார்த்தது.

அதைவிடச் சரியாக அந்த நடிகரே செய்ததில்லை என்று அப்பா பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கிள் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். "என்ன பேரு சொன்ன பாப்பா?" என்று கேட்டார்.

"அது ஒண்ணுமில்லண்ணா, கொழந்தை ஏதோ..." என்று அப்பா இழுத்தார்.

"அவள கேட்டேன்."

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் அவ்வளவு வேகமாகத் தெரியாது. "எல்லைமுத்து" என்றேன்.

"இன்னொரு தடவ கூப்பிடு."

கூப்பிட்டேன். நாய் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, பெயரைக் கேட்டதும் மறுபடி ஒரு கணம் நின்று, எனக்கு முறுக்கு எங்கே என்பது போலப் பார்த்தது. அங்கிள் எங்கள் டிரைவ்வேயில், அந்தச் சுடுகிற சிமென்ட்டில், முட்டி போட்டு உட்கார்ந்தார். "எல்லைமுத்து" என்று அவரே கூப்பிட்டார். மன்றத்தில் கத்தும் குரல் அல்ல. மெதுவாகக் கூப்பிட்டார். நாய் அவரிடம் போய், மட்டன் ஒட்டியிருந்த அவர் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது. அவர் கையை எடுக்கவில்லை.

அங்கே நின்றவர்களில் நான்தான் குள்ளம். அதனால் அவர் குனிந்திருந்த முகம் எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். ஒரு கையை நாய் நக்கிக்கொண்டிருந்ததால், மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பேரு" என்று எழுந்தார். "நான் கிளம்பறேன் தம்பி."

"அண்ணா, பாயசம்..." என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்தார்.

கார் கிளம்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அப்பா என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "போச்சு" என்று மட்டும் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா ரொம்ப நேரம் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே போய், அங்கிளின் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. அங்கிள் பேசினார். மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை மாமாவின் கை அங்கிளின் தோளில் போய் இருந்தது. மாமா மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் செய்ததற்கு மாமா கேட்கிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

அங்கிளுக்கும் இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, வேலை போயிருந்தது. அவருடைய பிரிவையே மூடிவிட்டார்களாம். வீட்டில் ஆன்ட்டிக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் ஆள் என்று பெயரெடுத்தவர், அந்தப் பெயருக்காகவே எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறார். முதல்முதலில் வாய்விட்டுச் சொன்னது அந்தக் காருக்குள், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவரான, வேலையில்லாத என் மாமாவிடம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு பெயரைக் கத்தினேன், ஒரு பெரிய மனிதர் அழுதார் என்பதுதான்.

மாமா உள்ளே வந்தார். அப்பா கண்ணாலேயே கேட்டார். மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, பாயசத்த ஒரு டப்பால போட்டுக் குடு. அவர வீட்ல விட்டுட்டு வரேன். அவரால இப்ப டிரைவ் பண்ண முடியாது" என்றார்.

அவமானத்தில் கார் ஓட்டக்கூட முடியாமல் போய்விட்டது என்று நான் புரிந்துகொண்டேன். மாமாவின் பின்னாலேயே வாசல் வரை ஓடினேன்.

"மாமா, அங்கிள்கிட்ட சொல்லு, பேர மாத்திட்டோம்னு. இனிமே பப்பிதான். நான் மாத்திட்டேன்."

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு, "சரி, சொல்றேன்" என்றார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் அங்கிளின் காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கிள் பக்கத்து சீட்டில், பாயச டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

சொல்லிவிட்டேன், இனி அதை உண்மையாக்க வேண்டும் அல்லவா? நாயை ஹாலின் நடுவில் உட்காரவைத்தேன். முறுக்கு தீர்ந்துபோயிருந்தது, தட்டையை உடைத்து வைத்துக்கொண்டேன். "பப்பி" என்றேன். அது கார்ப்பெட்டை முகர்ந்தது. "பப்பி" என்றேன், கெஞ்சினேன், மிரட்டினேன், அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கையை விட்டதும் அது போய் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. அப்பா மேஜையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். "விடும்மா" என்றார். நான் விடவில்லை. மாமா திரும்பி வருவதற்குள் இந்த நாய் ஒரே ஒரு முறை பப்பி என்ற பெயருக்குத் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், மாமா ஊருக்குப் போக வேண்டியிருக்காது என்று உறுதியாக நம்பிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.